புது டேங்க்ல வெச்ச செடி கரையுதா? பிடுங்காதீங்க, முதல்ல இதைப் படிங்க

கேள்வி என்னன்னு ரெண்டு வரில சொல்லிடறேன். சென்னைல ஒருத்தர் 2 அடி டேங்க் செட் பண்ணிருக்காரு, அடில அக்வாசாயில் (செடிக்குன்னே விக்கற சத்து மண்), மேல எல்இடி லைட், தண்ணிக்குள்ள கார்பன் டை ஆக்சைடு விடற சிஓடூ செட்டப் இல்ல. கொளத்தூர் மீன் மார்க்கெட் போய் அமேசான் ஸ்வார்ட், கிரிப்ட் வென்டி, வாட்டர் விஸ்டீரியா, அனுபியாஸ், வாலிஸ்னேரியா எல்லாம் வாங்கிட்டு வந்து நட்டாரு. 10 நாள்ல கிரிப்ட் மொத்தமா கரைஞ்சு போச்சு, வாலிஸ்னேரியா நுனிலேர்ந்து கூழாகுது, விஸ்டீரியா அடி இலை எல்லாம் கொட்டுது. பயந்து போய் லைட்ட 10 மணி நேரம் ஆக்கிருக்காரு, உரம் ஊத்திருக்காரு, லிக்விட் கார்பனும் ஊத்திருக்காரு, கிரிப்டைப் பிடுங்கி வேற மூலைல நட்டுப் பாத்திருக்காரு. இப்ப கேக்கறது மூணு விஷயம்: செடி செத்துடுச்சா, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கணுமா, மீன் எப்ப விடறது.

சாகல ப்ரோ, கிட்டத்தட்ட எதுவுமே சாகல. கரையறது இலைதான், செடி இல்ல. நீங்க காசு குடுத்து வாங்கின அந்த இலைங்க உங்க டேங்க்ல நிலைக்கப் போறதில்லன்னு முதல் நாளே எழுதி வெச்சாச்சு. இத யாரும் கடைல சொல்றதில்ல, சொன்னா யாரு வாங்குவா.

விஷயம் என்னன்னா, கடைல விக்கற செடில பெரும்பாலானது தண்ணிக்குள்ள வளந்ததே கிடையாது. நர்சரில ஷேட் நெட் போட்டு, வேர் மட்டும் ஈரத்துல இருக்கற மாதிரி, இலை எல்லாம் காத்துல நிக்கற மாதிரிதான் வளக்கறாங்க. அப்படி வளத்தா வேகமா வளரும், பாசி பிடிக்காது, பார்சல் பண்ணாலும் தாங்கும், அவங்களுக்கு லாபம். ஸ்வார்ட், கிரிப்ட், அனுபியாஸ், விஸ்டீரியா, லுட்விஜியா, ரோட்டாலா எல்லாமே இயற்கைல ஆத்தோரம் ஓடையோரம் வளர்றதுங்க, மழைக்காலத்துல முங்கும், தண்ணி வத்தினா வெளிய நிக்கும், ரெண்டுக்கும் ஏத்த மாதிரி ரெண்டு வகையான இலை விடத் தெரியும் அதுங்களுக்கு. காத்துல இருக்கறப்ப விடற இலைல மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கும், தண்ணி ஆவியாகாம இருக்க. சுவாசத் துளை இருக்கும், அது வழியா கார்பன் டை ஆக்சைட எடுத்துக்கும். அதே இலையத் தண்ணிக்குள்ள முக்கினா அந்தப் பூச்சே எதிரியாயிடுது, வாயு உள்ள போக விடாது. அதுக்கு மேல, தண்ணிக்குள்ள கார்பன் டை ஆக்சைடு பரவற வேகம் காத்துல இருக்கறத விட சுமார் 10,000 மடங்கு கம்மி. அதனால அந்த இலை சம்பாதிக்கறது ஒண்ணும் இல்ல, செலவு மட்டும்தான். செடி என்ன பண்ணும்? அந்த இலைல இருக்கற சத்த உறிஞ்சிக்கிட்டு இலைய கழட்டி விட்டுட்டு, மெல்லிசா, பூச்சு இல்லாத, தண்ணிக்குன்னே ஒரு புது இலைய விட ஆரம்பிக்கும். இந்த மாத்தத்துக்கு 2 வாரத்துலேர்ந்து 6 வாரம் வரைக்கும் ஆகும், செடியப் பொறுத்து.

உங்ககிட்ட இருக்கறதுலயே இத நல்லா கண்ணால பாக்கணும்னா விஸ்டீரியாவ பாருங்க. வாங்கிட்டு வந்தப்ப இலை முழுசா, கொஞ்சம் தடிப்பா, ஓரத்துல ரம்பப்பல் வெட்டு வெட்டினா மாதிரி இருந்திருக்கும். இப்ப நுனிய உத்துப் பாத்தா குட்டியா ரெண்டு இலை வருதா, அது ஓரம் உள்ள உள்ள வெட்டுப்பட்டு கொத்தமல்லித் தழை கணக்கா பிரிஞ்சிருக்கா, கலரும் வெளிர் பச்சையா இருக்கா? இருந்தா வேலை முடிஞ்சுது, அந்தச் செடி உங்க டேங்க ஏத்துக்கிச்சு. கீழ இருக்கற முழு இலை எல்லாம் வரிசையா மஞ்சளாகி விழும், விழட்டும். ஒரே தண்டுல கீழ ஒரு செடி, மேல வேற செடி ஒட்டி வெச்சா மாதிரி இருக்கும், தெரியாதவங்க பாத்தா நம்பவே மாட்டாங்க. நுனிக்குக் கீழ புது இலை ஒரு 4, 5 அங்குலம் வளந்ததும் அந்த மேல் பாகத்த மட்டும் கத்தரிச்சு நட்டுட்டு அசிங்கமா இருக்கற கீழ்த் தண்ட எடுத்துப் போட்டுடலாம். தண்டுச் செடி எல்லாத்துக்கும் இதுதான் கணக்கு, லுட்விஜியாவோ ரோட்டாலாவோ எதுவானாலும்.

அப்ப உயிரோட இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? இலையப் பாக்காதீங்க. கைய விட்டு அடியத் தொட்டுப் பாருங்க. ஸ்வார்ட், கிரிப்ட் ரெண்டுக்கும் இலை எல்லாம் சேர்ற குருத்துப் பகுதி இருக்கு பாருங்க, அத லேசா ரெண்டு விரலால அழுத்துங்க. கெட்டியா இருந்தா உயிரோட இருக்கு, ஒத்த இலை கூட இல்லாம மொட்டையா இருந்தாலும் சரி. கொழகொழன்னு நசுங்கினா, தூக்கிப் பாக்கறப்ப வேர் எல்லாம் கருப்பாகி சாக்கடை நாத்தம் அடிச்சா, அதுதான் போச்சு. அனுபியாஸ்ல பச்சையா ஒரு கிழங்குத் தண்டு படுத்த வாக்குல இருக்கும், அதையும் இதே மாதிரி. அதுல ஒரு பக்கம் மட்டும் அழுகி இருந்தா நல்ல கெட்டிப் பாகம் வர்ற வரைக்கும் பிளேடால வெட்டித் தள்ளிட்டு மீதிய வெச்சுக்கலாம், பொழச்சுக்கும். இந்த டெஸ்ட்ட ஒரு தடவை பண்ணுங்க, தினமும் தோண்டிப் பாக்காதீங்க.

கிரிப்ட் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா அதிகமா திட்டு வாங்கற செடி அதுதான். கிரிப்ட் வென்டி, பெக்கெட்டி, பார்வா, இதெல்லாம் இலங்கைல ஓடைக்கரைல வளர்ற செடிங்க, நம்ம ஊரு வெயிலுக்கு மத்த செடிகள விட நல்லாவே தாங்கும். ஆனா மாத்தம்னா அதுக்கு ஆகவே ஆகாது. காத்துலேர்ந்து தண்ணிக்கு வந்தாலும் கரையும், ஒரு டேங்க்லேர்ந்து இன்னொரு டேங்குக்கு போனாலும் கரையும், சில சமயம் லைட் மாத்தினா, பெருசா தண்ணி மாத்தினா கூட கரையும். ரெண்டே நாள்ல இலை கண்ணாடி மாதிரி ஆகி, அப்புறம் வேக வெச்ச கீரை கணக்கா படுத்துடும். இதுக்கு கிரிப்ட் மெல்ட்னு பேரே இருக்கு. மண்ணுக்குள்ள வேர் நல்லா இருந்தா 3, 4 வாரத்துல சுருட்டி வெச்ச ஊசி மாதிரி புது இலை எட்டிப் பாக்கும். நீங்க பண்ணக் கூடாத ஒரே வேலை அத பிடுங்கி இடம் மாத்தினது. இடம் மாத்தினா வேர் அறுந்து முதல்லேர்ந்து கணக்கு ஆரம்பிக்கும். இப்ப இருக்கற இடத்துலயே விட்டுடுங்க, கரைஞ்ச இலைய மட்டும் அடியோட கத்தரிச்சு எடுத்துடுங்க, ஏன்னா அது தண்ணிலயே அழுகினா அமோனியா ஏறும், பாசிக்கு அதுதான் பிரியாணி. பாதி நல்லா இருக்கற இலைய வெட்டாதீங்க, அதுல மிச்சம் இருக்கற சத்த செடி எடுத்துக்கட்டும்.

வாலிஸ்னேரியா கதை வேற. அது காத்துல வளராது, எப்பவுமே தண்ணிக்குள்ள இருக்கற செடிதான், அதனால மேல சொன்ன இலை மாறுற காரணம் இதுக்குப் பொருந்தாது. வேர் அறுந்து, பாலித்தீன் பைல சூடாகி வந்த அதிர்ச்சில கொஞ்சம் இலை போகும், அது சகஜம். ஆனா நுனிலேர்ந்து கூழாகறதுக்கு எனக்கு முதல் சந்தேகம் அந்த லிக்விட் கார்பன் மேலதான். பேருதான் கார்பன், உள்ள இருக்கறது குளுட்டரால்டிஹைடு, ஆஸ்பத்திரில கருவி சுத்தம் பண்ற மருந்து வகை. பாசியக் கொல்ல நல்லா வேலை செய்யும், அதுக்காக கொஞ்ச அளவுல உபயோகிக்கறவங்க இருக்காங்க, ஆனா வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா மாதிரி மெல்லிசு இலைச் செடிக்கு அது நேரா விஷம். இன்னிக்கே நிறுத்துங்க. ரெண்டு தடவை பாதிப் பாதி தண்ணி மாத்துங்க. அப்புறம் இன்னொண்ணு, அதோட குருத்து மண்ணுக்கு மேல தெரியணும், வெள்ளையா வேர் ஆரம்பிக்கற இடம் வரைக்கும்தான் புதைக்கணும். குருத்து புதைஞ்சா அழுகிடும். ஸ்வார்டுக்கும் இதேதான்.

நடறதுல கடை விட்டு வெச்ச வேலை இன்னும் சிலது உங்க தலைல விழும். தொட்டில வர்ற செடிக்கு அடில பஞ்சு மாதிரி ராக்வூல் இருக்கும், அத முழுசா எடுக்கணும், தண்ணில ஊற வெச்சு இடுக்கியால பொறுமையா. கொஞ்சம் வேர் அறுந்தா பரவால்ல, எப்படியும் பழைய வேர ஒரு அங்குலம் விட்டு கத்தரிச்சிடறதுதான் நல்லது, புது வேர் அதுலேர்ந்து சீக்கிரம் கிளம்பும். கட்டு கட்டா வர்ற தண்டுச் செடில ஈயப் பட்டையோ ரப்பர் பேண்டோ சுத்தி இருக்கும், அத அப்படியே மண்ல குத்தி வைக்கறவங்க நிறைய பேரு. கட்டின இடத்துல தண்டு நசுங்கி அழுகி ஒரு வாரத்துல கட்டோட மேல மிதக்கும். பிரிச்சு, நசுங்கின அடியக் கத்தரிச்சு, கீழ ரெண்டு கணு இலையக் கிள்ளிட்டு, ஒவ்வொரு தண்டா ஒரு விரல் இடைவெளி விட்டு நடணும். அனுபியாஸ், ஜாவா பெர்ன், புசே (புசெபலாண்ட்ரா) இந்த மூணையும் மண்ல புதைக்கவே கூடாது, கிழங்குத் தண்டு மூச்சு முட்டி அழுகிடும். கல்லுலயோ கட்டைலயோ நூலால கட்டுங்க, இல்ல ஒரு சொட்டு சூப்பர் க்ளூ ஜெல் வெச்சு ஒட்டுங்க, அந்த க்ளூ காஞ்சதும் தண்ணிக்குள்ள ஒண்ணும் பண்ணாது. உங்க அனுபியாஸ் மண்ணுக்குள்ள இருந்தா அத ஒண்ண மட்டும் இப்ப தூக்கலாம், நான் சொன்ன பிடுங்காதீங்கக்கு அது விதிவிலக்கு.

இப்ப தண்ணி. நீங்க எந்தத் தண்ணி ஊத்தினீங்கன்னே சொல்லல, சென்னைல பாதிப் பிரச்சனை அங்கதான். போர் தண்ணின்னா பல ஏரியால டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்கற உப்புகளோட அளவு, 1000-ஐ சாதாரணமா தாண்டும், கால்சியம், உப்பு எல்லாம் ஏகமா இருக்கும். வாலிஸ்னேரியாவும் கிரிப்டும் கடினத் தண்ணிய ஓரளவு தாங்கும், ஆனா அக்வாசாயில் தாங்காது. அது தண்ணியோட பிஹெச்ச கொஞ்சம் அமிலப் பக்கம் இழுத்து வைக்கற மண், நீங்க கடினத் தண்ணிய ஊத்த ஊத்த அந்தச் சக்தி சில வாரத்துலயே தீந்துடும், குடுத்த காசு வேஸ்ட். ஆர்ஓ தண்ணிய மட்டும் ஊத்தறதும் சரியில்ல, அதுல கால்சியம், மெக்னீசியம் ஒண்ணுமே இல்லாம புது இலை சுருண்டு கோணலா வரும். போர் தண்ணியும் ஆர்ஓவும் கலந்து டிடிஎஸ் 200லேர்ந்து 300க்குள்ள வர்ற மாதிரி பாத்துக்கிட்டா போதும், ஒரு சின்ன டிடிஎஸ் மீட்டர் வாங்கி வெச்சுக்கோங்க, விலை அதிகம் இல்ல. கலக்கற விகிதத்த ஒரு தடவை முடிவு பண்ணா ஒவ்வொரு தடவையும் அதே விகிதம், வாரத்துக்கு ஒண்ணு மாத்தினா கிரிப்ட் திரும்ப கரையும்.

அபார்ட்மென்ட்ல இருக்கீங்கன்னா இத மட்டும் கட்டாயம் விசாரிங்க: மோட்டார் ரூம்ல வாட்டர் சாஃப்ட்னர் வெச்சிருக்காங்களா? அதுல மூட்டை மூட்டையா உப்பு கொட்டுவாங்களே, அதுதான். அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துட்டு பதிலுக்கு சோடியத்த விட்டுடும். சோப்பு நல்லா நுரைக்கும், பைப்ல வெள்ளையா படியாது, ஆனா டிடிஎஸ் குறையவே குறையாது. செடிக்கு வேணும்ங்கறத எல்லாம் எடுத்துட்டு வேண்டாததக் குடுக்கற தண்ணி அது. எத்தனையோ பேரு உரத்த மாத்தி மாத்தி ஊத்திட்டு செடி வரலன்னு புலம்பறதுக்குப் பின்னாடி இந்த சாஃப்ட்னர்தான் இருக்கும். அந்தத் தண்ணிய டேங்குக்கு எடுக்காதீங்க, வாட்ச்மேன்கிட்ட கேட்டா சாஃப்ட்னருக்கு முன்னாடி இருக்கற குழாய காட்டுவாரு. மெட்ரோ வாட்டர்னா குளோரின் இருக்கும், பக்கெட்ல பிடிச்சு ஒரு நாள் திறந்து வெச்சாலோ, மீன் கடைல கிடைக்கற ஹைப்போ கல் (சோடியம் தயோசல்பேட்) ஒண்ணு ரெண்டு போட்டாலோ போயிடும். குளோரின் செடியக் கொல்றத விட பில்டர்ல உருவாகற நல்ல பாக்டீரியாவக் கொல்றதுதான் பிரச்சனை.

சூடு அடுத்தது. ஏப்ரல், மே மாசத்துல மாடி வீட்ல டேங்க் தண்ணி 31, 32 டிகிரி வரும். தண்ணி சூடாக ஆக அதுல வாயு கரைஞ்சு நிக்கறது குறையும், அதே சமயம் செடி சுவாசிக்கறதுல செலவு கூடும், புதுசா வந்து இன்னும் சம்பாதிக்க ஆரம்பிக்காத செடிக்கு இது ரெட்டை அடி. நாம ஆசையா வைக்கற மாஸ் வகை, அதாவது ஜாவா மாஸ், கிறிஸ்மஸ் மாஸ் இதெல்லாம் அப்ப பழுப்பாகிடும். மூடிய எடுத்துட்டு ஒரு சின்ன பேன தண்ணி மேல சாய்வா வீசற மாதிரி வெச்சா 2, 3 டிகிரி இறங்கும், காத்துல ஈரப்பதம் அதிகமா இருக்கற நாள்ல கொஞ்சம் கம்மியா இறங்கும். ஆவியாகிப் போற தண்ணிக்கு ஈடு கட்ட ஆர்ஓ தண்ணியதான் ஊத்தணும், உப்பு ஆவியாகாது இல்லையா, போர் தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தா டிடிஎஸ் ஏறிக்கிட்டே போகும். முடிஞ்சா புது டேங்க வெயில் காலத்துல ஆரம்பிக்காதீங்க, நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் நம்ம ஊருக்கு பொன்னான நேரம்.

லைட்ட 10 மணி நேரம் ஆக்கினது வேண்டாத வேலை. செடி வாடுதுன்னா வெளிச்சம் பத்தலன்னுதான் எல்லாருக்கும் முதல்ல தோணும். ஆனா இப்ப அதுக்கு வேலை செய்யற இலையே இல்ல, நீங்க குடுக்கற வெளிச்சத்த யாரு சாப்பிடறது? பாசி சாப்பிடும். முதல் மாசம் ஒரு நாளைக்கு 6 மணி நேரம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் வேண்டாம். ஒரு டைமர் பிளக் வாங்கிடுங்க, ஞாபகம் வெச்சு போட்டு அணைக்கறதெல்லாம் ரெண்டு வாரத்துக்கு மேல நடக்காது. புது இலை நல்லா வர ஆரம்பிச்சதும் வாரத்துக்கு அரை மணி நேரம் கூட்டி 8ல நிறுத்திக்கோங்க. உங்க 2 அடி டேங்க் மண்ணு கல்லு போக சுமார் 45 லிட்டர் பிடிக்கும், சிஓடூ இல்லாத டேங்குக்கு லிட்டருக்கு 20 லூமன் கணக்கு போட்டா 900 லூமன், ஒரு 9 வாட் வெள்ளை எல்இடி பல்பு அளவுதான். கடைல 30 வாட் லைட் குடுத்து அனுப்பிருந்தா அத உயரமா தூக்கி மாட்டுங்க, இல்ல மேல மிதக்கற செடி கொஞ்சம் போடுங்க, சால்வினியா, வாட்டர் லெட்டூஸ் மாதிரி. அதுங்க காத்துலேர்ந்து நேரா கார்பன் எடுக்கறதால புது டேங்க்ல வளர எதுக்கும் காத்திருக்காது, அமோனியாவையும் சேத்து உறிஞ்சிடும், வெளிச்சத்தையும் மட்டுப்படுத்தும். ஜன்னல் வெயில் நேரா விழற இடத்துல டேங்க் இருந்தா இதெல்லாம் பண்ணியும் பிரயோஜனமில்ல, முதல்ல திரை போடுங்க.

அக்வாசாயில் போட்ட டேங்குக்கு முதல் 3, 4 வாரம் தண்ணி மாத்தறதுதான் பெரிய வைத்தியம். அந்த மண்லேர்ந்து அமோனியா கசியும், கூடவே கரையற இலையும் அமோனியா விடும். முதல் வாரம் தினமும் பாதித் தண்ணி, ரெண்டாவது வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூணாவது வாரம் ரெண்டு தடவை, அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை. நீங்க 10 நாள்ல எத்தனை தடவை மாத்தினீங்கன்னு தெரியல, மாத்தலன்னா இன்னிக்கு ஆரம்பிங்க. தினமும் மாத்துன்னு சொல்றீங்க, மாத்தினா கிரிப்ட் கரையும்ன்னும் சொல்றீங்களேன்னு கேப்பீங்க. கரைய வேண்டியது கரைஞ்சாச்சு, இப்ப வர்ற குருத்து முதல்லேர்ந்தே இந்தத் தண்ணிக்குப் பழகி வரும், மாத்தற தண்ணி அதே டிடிஎஸ், கிட்டத்தட்ட அதே சூடுன்னா ஒண்ணும் ஆகாது.

உரத்த ஒரு மாசம் மறந்துடுங்க. அந்த மண்லயே தேவைக்கு மேல சத்து இருக்கு. அப்புறம் இலை வந்து வளர ஆரம்பிச்ச பிறகு வேணும்னா குப்பி குப்பியா விலை குடுத்து வாங்காம உரக்கடைல கிடைக்கற 13:0:45, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், அப்புறம் 0:52:34, அதாவது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், இது ரெண்டும் ஒவ்வொரு கிலோ வாங்கினா வருஷக்கணக்குல வரும். 45 லிட்டருக்கு பொட்டாசியம் நைட்ரேட் அரை கிராம் போட்டா நைட்ரேட் சுமார் 7 பிபிஎம் (லிட்டருக்கு 7 மில்லிகிராம்) ஏறும், சிஓடூ இல்லாத டேங்குக்கு வாரத்துக்கு அதுவே தாராளம். பாஸ்பேட் அதுல பத்துல ஒரு பங்கு போதும். வயலுக்குத் தெளிக்கற நுண்சத்துக் கலவைய மட்டும் கண்ண மூடிக்கிட்டு போட்டுடாதீங்க, அதுல தாமிரம் இருக்கும், பின்னாடி இறால் வளக்கலாம்னு ஆசை இருந்தா அதுக்கு ஆகாது.

இன்னும் ஒண்ணு ரெண்டு வாரத்துல கண்ணாடி, கல்லு, அனுபியாஸ் இலை எல்லாத்து மேலயும் பழுப்பா மாவு மாதிரி படியப் போகுது, இப்பவே சொல்லி வெக்கறேன். அது டயாட்டம், புது டேங்க் எல்லாத்துலயும் வரும், விரலால தேச்சா சுலபமா போயிடும், டேங்க் நிலைப்பட்டதும் தானா குறைஞ்சிடும். அதுக்கு மருந்து கிருந்து ஊத்தாதீங்க. நெரைட் நத்தை ரெண்டு போட்டா நக்கி எடுத்துடும், நன்னீர்ல அது குட்டி போட்டுப் பெருகாது, வெள்ளையா முட்டைய மட்டும் அங்கங்க ஒட்டி வெச்சு எரிச்சலக் கிளப்பும்.

அடுத்த தடவை கடைக்குப் போறப்ப ஒரு விஷயம். தண்ணிச் செடின்னு தொட்டில முக்கி வெச்சு விக்கறதெல்லாம் தண்ணிச் செடி இல்ல. லக்கி பேம்பூ, சிங்கோனியம், மோண்டோ புல், ஊதா கலர்ல சுருக்கு சுருக்கா இருக்குமே ஹெமிகிராபிஸ், இதெல்லாம் தோட்டத்துச் செடிங்க. தண்ணிக்குள்ள ரெண்டு மூணு மாசம் மெதுவா சாகும், மெதுவா சாகறதால நமக்கு அது நல்லா இருக்கறதா தோணும். தண்ணிலேர்ந்து தூக்கினா இலை தொய்ஞ்சு விழாம விறைப்பா நிக்குதா, தண்டு கட்டை மாதிரி இருக்கா, சந்தேகப்படுங்க. ஆனா அனுபியாஸும் விறைப்பாதான் நிக்கும், காத்துல வளத்த ஸ்வார்டும் நிக்கும், அதனால பேரக் கேட்டு அங்கயே போன்ல தேடிப் பாத்துட்டு வாங்கறதுதான் ஒழுங்கு. கடைல வேற ஒருத்தர் டேங்க்ல தண்ணிக்குள்ளயே வளந்து வெட்டின துண்டு கிடைச்சா கண்ண மூடிக்கிட்டு அத வாங்குங்க, பாதி விலைக்குக் கிடைக்கும், கரையறதும் கம்மி. டப்பால ஜெல்லுல வர்ற டிஷ்யூ கல்ச்சர் செடில நத்தை, பாசி எதுவும் வராதுங்கறது பெரிய வசதி. ஜெல்ல கொஞ்சம் கூட ஒட்டியிருக்காம கழுவணும், அதுல சர்க்கரை இருக்கும், விட்டா பூஞ்சை பிடிக்கும். செடி ரொம்ப இளசு, சிஓடூ இல்லாத புது டேங்க்ல முதல் செடியா அத வெக்கறது எனக்கு உடன்பாடு இல்ல.

உங்க ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். தூக்கிப் போட வேண்டாம், ஆனா புதுசு கொஞ்சம் வாங்குங்க. முரணா தெரியலாம். காரணம் என்னன்னா, உங்க டேங்க்ல இப்ப சம்பாதிக்கற இலையே இல்லாததால சத்து எல்லாம் பாசிக்குப் போகப் போகுது, அந்த இடைவெளிய நிரப்ப வேகமா வளர்ற மலிவான செடி வேணும். ஹார்ன்வர்ட் ஒரு கட்டு மிதக்க விடுங்க, ஹைக்ரோபிலா ஒரு கட்டு பின்னாடி நடுங்க, பக்கோபா கிடைச்சா அதுவும், அது நம்ம குளத்தோரம் கிடக்கற நீர்ப்பிரமியோட குடும்பம்தான். ஸ்வார்டும் கிரிப்டும் நிலைக்கற வரைக்கும் இதுங்க டேங்க காப்பாத்தும், அப்புறம் குறைச்சுக்கலாம். வெட்டிப் போடறத காய வெச்சு குப்பைலயோ தொட்டிச் செடிக்கு உரமாவோ போடுங்க, பக்கத்து ஏரில கொட்டாதீங்க, கேரளாவுல கபோம்பா வாய்க்கால் முழுக்க படர்ந்து கிடக்கறது இப்படி வெளிய போன செடிதான்.

மீன் எப்பன்னா, மீனுக்கு விஷமான அமோனியா, நைட்ரைட் ரெண்டும் டெஸ்ட் கிட்ல பூஜ்யம் காட்டி ஒரு வாரம் தொடர்ந்து அப்படியே நின்னதும். அக்வாசாயில் டேங்குக்கு அது பொதுவா 4லேர்ந்து 6 வாரம். முதல்ல கப்பி, மோலி மாதிரி நாலஞ்சு விடுங்க, ரெண்டு வாரம் கழிச்சு மீதி. கூட்டமா நியான் டெட்ரா விட ஆசைன்னா சித்திரை வெயில் தாண்டட்டும், அது 30 டிகிரிக்கு மேல தாங்கற மீன் இல்ல. கோல்ட்பிஷ் வேண்டவே வேண்டாம், விஸ்டீரியாவ ஒரே ராத்திரில குச்சியாக்கிடும். டெஸ்ட் கிட் இல்லன்னா மீன் கடைக்கே ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டுப் போனா பல கடைல பாத்துச் சொல்வாங்க, எண் என்னன்னு கேளுங்க, "ஓகே சார் நல்லா இருக்கு"ன்னா விடாதீங்க.